உப்பனாற்றங்கரை போர் தண்ணீருக்கு எந்தச் சென்சார்?

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் போனால் சிப்காட் தொழிற்பேட்டை, அதை ஒட்டி உப்பனாறு. மிக மோசமாக மாசடைந்தவை என்று 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பட்டியலிட்ட 43 தொழிற்பகுதிகளில் கடலூரும் ஒன்று. அங்கே போர் தண்ணீரைச் சோதிக்க நினைப்பவர்கள் முதலில் எடுப்பது டிடிஎஸ் பேனாவைத்தான்.

அதை ஓரமாக வைத்துவிடுங்கள். அது உப்பை மட்டுமே அளக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு நெயில் பாலிஷ் ரிமூவர் விட்டுப் பாருங்கள்: வாடை மூக்கில் ஏறும், பேனாவில் எண் அசையாது. பென்சீன், ஃபீனால் போன்ற நச்சு வேதிப்பொருள்கள் கலந்தாலும் இதே கதைதான்.

ஃபீனாலுக்கு என்று பார்த்தால் போட்டி இரண்டு சென்சார் பட்டைகளுக்குள். ஒன்று வெறும் கார்பன் பட்டை. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் மாதிரியே இருக்கும். ஒரு சொட்டு வைத்து மின்னழுத்தம் கொடுத்தால் ஃபீனால் எலக்ட்ரானை விடும். அந்த மின்னோட்டம்தான் கணக்கு. விலை குறைவு, வெயிலும் தாங்கும். ஆனால் வினை நடக்கும்போதே ஃபீனால் பிசின் போலப் பட்டைமேல் படிந்துவிடும். அதே பட்டையில் அடுத்த சொட்டை வைத்தால் மின்னோட்டம் குறையும், தண்ணீர் தேறிவிட்டது போலத் தெரியும். அதனால் ஒரு சொட்டுக்கு ஒரு பட்டை, அவ்வளவுதான்.

இன்னொன்று டைரோசினேஸ் நொதி பூசியது. நறுக்கிய கத்தரிக்காயைக் கறுக்க வைக்கும் நொதி வகைதான். பெரும்பாலும் காளானிலிருந்து எடுக்கிறார்கள். குறைந்த மின்னழுத்தத்திலேயே வேலை செய்வதால் படிவும் குறைவு, மற்றப் பொருள்களின் குறுக்கீடும் குறைவு. ஆனால் நொதியை ஃப்ரிட்ஜில் வைத்துக் காக்க வேண்டும். நம் ஊர் மே மாத வெயிலில் பையில் போட்டு ஊர் ஊராக அலைந்தால் கெட்டுவிடும். அதைவிடப் பெரிய குறை, நைட்ரோஃபீனால், ட்ரைகுளோரோஃபீனால் என்ற ஃபீனால் வகைகளை அது கிட்டத்தட்டக் கண்டுகொள்ளாது. பூச்சிக்கொல்லி, சாய வேதிப்பொருள் தொழில்கள் உள்ள இடத்தில் இதை எப்படி விட்டுவிட முடியும்?

நான் வெறும் கார்பன் பட்டையைத்தான் எடுப்பேன், அதுவும் எந்தக் கிணற்றை முதலில் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள மட்டும். குடிநீரில் ஃபீனாலுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். சாதாரணப் பட்டைக்கு அது எட்டாது. பட்டை காட்டினால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். காட்டாவிட்டால் நல்ல தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

அப்புறம் ஆய்வகம். பென்சீனையும் சேர்த்துப் பிடிக்க கலந்திருக்கும் வேதிப்பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அடையாளம் காணும் ஜிசி-எம்எஸ் கருவிதான் சரி. மாதிரியைத் தண்ணீர் பாட்டிலில் பிடிக்காமல் பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் விளிம்புவரை நிரப்புங்கள். மூடிக் கவிழ்த்துப் பார்க்கும்போது ஒரு குமிழி தெரிந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.