செரோக்கி கதைகள்: முதல் நெருப்பா, நோயும் மருந்துமா?

வட அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கிகளின் இரண்டு கதைகளில் எதைச் சொல்லலாம்? முதல் நெருப்பு வந்த கதை எளிது. தீவில் ஒரு பொந்து மரத்தடியில் தீ. எடுக்கப் போன அண்டங்காக்கை கருகிக் கறுத்தது, ஆந்தையின் கண் சிவந்தது. கடைசியில் நீர்ச்சிலந்தி தன் நூலிலேயே கிண்ணம் பின்னி, முதுகில் கட்டிக்கொண்டு ஒரே ஒரு தணல் துண்டைக் கொண்டுவந்தது. குழந்தைகளுக்குச் சொல்ல இது போதும். ஆனால் மூன்றாவது விலங்கிலேயே அமைப்பு பிடிபட்டுவிடும்.

நோய்க் கதை வேறு ரகம். மனிதனின் வேட்டை மிஞ்சவே விலங்குகள் கூடிப் பேசுகின்றன. கரடிகள் வில் செய்கின்றன. நாணுக்குக் குடல் வேண்டி ஒரு கரடி உயிரையே தருகிறது. எய்தால் நகம் நாணில் மாட்டுகிறது. நகத்தை வெட்டியதும் அம்பு குறியில் பாய்கிறது. ‘நகமில்லாமல் மரம் ஏறுவது எப்படி?’ என்று தலைவரான வெள்ளைக் கரடி கேட்க, திட்டமே கைவிடப்படுகிறது. செத்த கரடி செத்ததுதான்!

மான்கள் அப்படி விடுவதில்லை. கொன்ற மானிடம் மன்னிப்புக் கேட்காத வேடனுக்கு மூட்டுவாதம். ‘சின்ன மான்’ என்ற தலைவன் ரத்தத்துளிகளைப் பின்தொடர்ந்து அவன் குடிசைவரை வருகிறான். பிறகு செடிகள் ஒவ்வொன்றும் ஒரு நோய்க்கு மருந்தாக இசைகின்றன. அந்தப் பகுதியை விட்டுவிட்டுச் சொன்னால் வெறும் பழிவாங்கல்தான் மிஞ்சும்.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இரண்டாவதை எடுங்கள்.