உட்கார்ந்து மிதிக்கும் பெடல் கருவி: இதய நோயுள்ள பெற்றோருக்கு எந்த ரகம்?

பைபாஸ் முடிந்து வீடு திரும்பிய அப்பாவை மருத்துவர் நடக்கச் சொல்லியிருப்பார். சிங்கப்பூரின் மழையும் மதியப் புழுக்கமும் புகைமூட்டமும் விடாது. அந்த நாள்களுக்கு, நாற்காலியில் உட்கார்ந்தபடி மிதிக்கும் சின்ன பெடல் கருவி நல்ல துணை. ரகம் பார்த்து வாங்க வேண்டும்.

மலிவானது, திருகை இறுக்கினால் அச்சை அழுத்திப் பிடிக்கும் உராய்வு ரகம். வேண்டவே வேண்டாம். மிதிக்க மிதிக்க அச்சு சூடேறி இறுக்கம் மாறும். நீரிழிவால் பாதம் மரத்தவருக்கு அந்தச் சூடு பட்டாலும் தெரியாது. மோட்டார் ரகம் காலைத் தானே சுற்றிவிடும். பக்கவாதத்தில் விறைத்த காலுக்கு உதவும், இதயத்துக்கு அதில் வேலை குறைவு.

எங்கள் தேர்வு காந்த ரகம். சக்கரத்தை எதுவும் தொடாததால் சத்தம் குறைவு, இறுக்கமும் சீராக இருக்கும். கனமும் அதிகம் என்பதால் எளிதில் நகராது. ஆனால் பேஸ்மேக்கர் வைத்தவர் இதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கக் கூடாது. காந்தத்துக்கும் பேஸ்மேக்கருக்கும் குறைந்தது 15 செ.மீ. இடைவெளி வேண்டும், காலடியில் இருக்கும்போது பயமில்லை.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு டைல்ஸ் தரையில் எந்தக் கருவியும் வழுக்கப் பார்க்கும். வழுக்காத விரிப்பைப் போட்டு, கருவியின் முன்பக்கத்தைச் சுவரில் முட்டுக் கொடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சாயும், சக்கர நாற்காலி ஓடும். கனமான சாப்பாட்டு மேசை நாற்காலிதான் சரி. முழங்கால் மேலே வரும்போது தொடை வயிற்றை அழுத்தக் கூடாது. அழுத்தினால், இதயம் பலவீனமானவருக்கு மிதிக்கும் முன்பே மூச்சு வாங்கும்.

திரையில் வரும் கலோரியை நம்ப வேண்டாம், அது வெறும் சுற்றுக் கணக்கு. நாடியையும் நம்ப முடியாது: பைசோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு அதிகம் ஏறாது. பேச்சுதான் அளவுகோல். மிதித்துக்கொண்டே ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும்.

மருத்துவர் சரி என்றதும், குறைந்த இறுக்கத்தில் 5 நிமிடம், நாளுக்கு இருமுறை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு நிமிடம் கூட்டலாம். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும். முடிக்கையில் சட்டென்று நிறுத்தினால் ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். கடைசி சில நிமிடங்கள் மெல்ல மிதித்துவிட்டு நிறுத்துங்கள். நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்தி, மருத்துவர் தந்த நைட்ரேட் (நெஞ்சுவலி) மாத்திரையை நாக்கடியில் வைக்க வேண்டும். 5 நிமிடத்தில் அடங்காவிட்டால் 995-இல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

மேசைமேல் வைத்துக் கையால் சுற்றலாம் என்று விற்பார்கள். அதே வேலையைக் கையால் செய்தால் ரத்த அழுத்தம் கூடுதலாக ஏறும். பைபாஸில் பிளந்த மார்பெலும்பு கூடும்வரை தொடவே வேண்டாம்.

இது தராத ஒன்று, நிற்கும்போது வேண்டிய சமநிலை. அதற்கு, சமையலறை மேடையைப் பிடித்தபடி நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதை 5 தடவையில் தொடங்கி 10 வரை கொண்டுபோகலாம்.