திருநெல்வேலி வீணைப் பட்டறையில் செய்வித்த சிட்டர்ன்

யாழ்ப்பாணத்தில் பழைய ஐரோப்பியக் கம்பி வாத்தியம் ஒன்றைச் செய்விக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு நேரடியாகவே சொல்கிறேன்: முடியும். ஆனால் கிற்றார் திருத்துபவரிடம் போகாதீர்கள், வீணை செய்பவரிடம் போங்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்பக்கம் ஓர் ஒழுங்கையில் வீணையும் தம்புராவும் திருத்தும் சின்னப் பட்டறை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, ஒரு ஐயாவும் அவருடைய மகனும்தான் வேலை செய்கிறார்கள். எனக்கு நான்கு சோடிக் கம்பியுள்ள ஒரு சிட்டர்ன் செய்து தந்தவர்கள் அவர்கள்தான்.

சிட்டர்ன் 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலும் இங்கிலாந்திலும் நன்றாகப் புழங்கிய வாத்தியம். முதுகு தட்டை, அக்காலத்து இன்னொரு கம்பி வாத்தியமான லூட்டுக்குக் குடலில் திரித்த நரம்பு என்றால் இதற்கு இரும்பும் பித்தளையும், விரலால் அல்லாமல் இறகுக் காம்பால் மீட்டுவார்கள். இங்கிலாந்தில் முடிதிருத்தும் கடைகளிலேகூட வாடிக்கையாளர் வாசிக்கட்டும் என்று ஒன்று தொங்குமாம். பிரேஷியா நகரத்து ஜிரோலாமோ விர்க்கி 1574இல் செய்த ஒன்று இன்றும் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதன் சிற்ப வேலையைப் படத்தில் பார்த்தாலே கண் எடுக்க மனம் வராது. இதே கம்பி வாத்தியக் கூட்டத்தில் பெரியவையும் உண்டு: இலண்டனில் ஜோன் றோஸ் 1562இல் உருவாக்கிய பண்டோரா, அதற்குப் பின்னால் வந்த ஓர்ஃபேரியன்.

நான் ஓர் அளவுப்படத்தை முழு அளவில் அச்சடித்துக் கொண்டுபோனேன். கம்பி நீளம் 44 செ.மீ. ஐயா அதை மேசையில் விரித்து வைத்துக் கனநேரம் பார்த்துவிட்டு முதலில் கேட்டது கழுத்தைப் பற்றி. சிட்டர்ன் கழுத்தின் பின்புறத்தில், தடித்த கம்பிப் பக்கமாக, விரல்பலகைக்குக் கீழே மரத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள், பெருவிரல் அங்கே வரும். "இப்பிடி அரைவாசியை வெட்டினால் கழுத்து நிக்குமே தம்பி?" என்றார். நிற்கும், ஏனென்றால் இந்த வாத்தியத்தில் இழுவை குறைவு, எட்டுக் கம்பியும் சேர்ந்து 27 கிலோ அளவுதான் இழுக்கும். உருக்குக் கம்பி போட்ட கிற்றாரில் அது 70 கிலோவைத் தாண்டும். இதைச் சொன்னதும் அவருக்கு விளங்கிவிட்டது. உடம்புக்குப் பலா, முகப்புக்குப் பழைய பியானோ ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த ஸ்புரூஸ் மரப் பலகை, அதைச் சீவிச் சீவி 3 மி.மீ. தடிப்புக்குக் கொண்டுவந்தார். மர வேலையில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்தப் பட்டறையை ஏன் இவ்வளவு பாராட்டுகிறேன் என்றால் மெட்டுகளுக்காகத்தான், அதாவது கம்பியை அழுத்தும் இடங்களில் விரல்பலகையின் குறுக்கே வரும் பட்டிகளுக்காக. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கும் கிற்றார் அளவுகோலை வைத்துக் கணக்குப் போட்டால் 44 செ.மீ. கம்பிக்கு நான்காவது மெட்டு மேல்முனையிலிருந்து ஏறக்குறைய 91 மி.மீ.இல் வரும். ஆனால் அக்காலச் சிட்டர்ன்கள் பலவற்றில் மெட்டுகள் இந்தச் சம பங்கீட்டில் இல்லை. பித்தளைப் பட்டியை மரத்தில் காடி வெட்டி ஆப்பு வைத்து இறுக்கிவிடுவார்கள், பிறகு நகர்த்த முடியாது, ஆகவே சுருதியை முதலிலேயே தீர்மானித்தாக வேண்டும். நான்காவது மெட்டில் வரும் அந்தர காந்தாரம் பிசகில்லாமல் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஐயா கம்பியைக் கட்டி, ஒரு பித்தளைத் துண்டை விரலால் அழுத்தி நகர்த்தி நகர்த்திக் கேட்டு, பென்சிலால் ஒரு கோடு போட்டார். அளந்து பார்த்தால் 88 மி.மீ. கணக்கும் அதையேதான் சொல்கிறது, கம்பியின் ஐந்தில் ஒரு பங்கு. வீணைக்கு மெழுகில் மெட்டு வைத்துப் பழகிய காதுக்கு அந்தர காந்தாரம் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இந்த மூன்று மில்லிமீற்றரில்தான் வாத்தியம் முழுவதும் இருக்கிறது என்பேன், இறகால் ஒரு வீச்சில் எட்டுக் கம்பியையும் மீட்டும்போது அப்படி ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கிறது.

கம்பி விசயம். நகரத்தில் ஒரு கடையில் கேட்டதற்கு "எல்லாம் ஒண்டுதான்" என்று கிற்றார்க் கம்பி ஒரு செட்டைத் தூக்கித் தந்தார்கள். அதில் உள்ள சுற்றுக்கம்பிகளை, அதாவது மேலே இன்னொரு கம்பி சுற்றிய தடித்த கம்பிகளை, மாட்டினால் சத்தம் மந்தமாகி முகப்புப் பலகைக்கும் பாரம் ஏறும், தயவுசெய்து மாட்டாதீர்கள். பட்டறையில் வீணைக்கு வைத்திருக்கும் உருக்கு, பித்தளைச் சுருள்களே போதும். மேற்கத்தியச் சுர எழுத்தில் சொன்னால், முதல் சோடி ஈ சுருதிக்கு 0.25 மி.மீ. உருக்கு, டி-க்கு 0.28 பித்தளை, ஜி-க்கு 0.40, நான்காவது சோடி பி-க்கு 0.32. நான்காவது மூன்றாவதைவிட உயரத்தில் ஒலிக்கும், இந்த வாத்தியத்தின் முறையே அதுதான். அப்புறம், கம்பி அறுந்தால் பருமனான கம்பி போட்டால் சரி என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். பருமன் கூடினால் தாங்கும் வலிமை கூடும், ஆனால் அதே சுருதிக்கு இழுவையும் அதே அளவில் கூடும், ஆகவே கம்பி எந்தச் சுருதியில் அறும் என்பதை நீளமும் உலோகமும்தான் முடிவு செய்கின்றன.

குறை என்றால் பிருடைகள், கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் முளைகள். வீணையில் கம்பி கட்டும் முனையில் உள்ள வளையமான லங்கரை நகர்த்தி நுணுக்கமாகச் சுருதி சேர்க்கலாம், சிட்டர்னில் அது கிடையாது, மெல்லிய கம்பியில் பிருடை ஒரு மயிரிழை திரும்பினாலே சுருதி எங்கோ போய்விடும். முதலில் போட்டுத் தந்தவை வழுக்கின. திரும்பக் கொண்டுபோனபோது முகம் சுளிக்காமல் கருங்காலியில் புதிதாகக் கடைந்து தந்தார்கள், அதற்குக் காசும் வாங்கவில்லை, ஆனாலும் கார்த்திகை மழையில் ஊதி இறுகத்தான் செய்கின்றன. இன்னொன்று, சொன்ன தவணைக்கு வேலை முடியாது. கோயில் திருவிழாக் காலத்தில் உங்கள் வேலை மூலையில்தான் கிடக்கும்.

விலை ஒரு நல்ல புது வீணையின் விலையில் பாதிக்கும் குறைவு, ஐரோப்பாவில் இதையே செய்வித்தால் ஆயிரக்கணக்கில் யூரோ போகும். அச்சடித்த அளவுப்படமும் மரத்தில் வெட்டிய அச்சும் ஐயாவிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், யாருக்காவது வேண்டுமென்றால் அதிலேயே செய்யச் சொல்லலாம். போகிறவர்கள் மழைக்காலம் முடிந்த பிறகு போங்கள், கருங்காலிப் பிருடை வேண்டும் என்று முதல் நாளே கதைத்துவிடுங்கள்.