எழுத்து வட்டம்: வாட்ஸ்அப் குழுவா, வாசிப்புக் கூட்டமா, முன்பே படித்து வருவதா?

கதையோ கட்டுரையோ எழுதிப் பழகும் நாலைந்து பேர், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்துச் சொல்லலாம் என்று முடிவெடுத்ததும் எதிரே மூன்று வழிகள் நிற்கும். ஒன்று, வாட்ஸ்அப் குழு. இரண்டு, மாதம் ஒருமுறை கூடி, எழுதியவரே உரக்க வாசித்து அங்கேயே கருத்துக் கேட்பது. மூன்று, பிரதியை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிட்டு, எல்லாரும் படித்துக் குறித்துக்கொண்டு வந்து பேசுவது. நான் தேர்ந்தது மூன்றாவது. திருத்தி எழுத உதவுகிற கருத்து அதில்தான் கிடைக்கிறது. ஒழுங்காக வகுத்துக்கொண்டால் ஆறு மாதம் தாண்டியும் நடப்பது அதுதான்.

வாட்ஸ்அப்பின் வசதிகளைச் சொல்லத் தேவையில்லை. சிக்கல் என்னவென்றால், கதை போட்ட இரண்டாவது நிமிடமே ‘அருமை’ என்று பதில் வந்துவிடும். இரண்டாயிரம் சொல் கதையை இரண்டு நிமிடத்தில் யாராலும் படிக்க முடியாது. மாலைக்குள் வணக்கங்களும் வாழ்த்துகளும் வந்து கதை மேலே போய்விடும். அதைவிடப் பெரிய இடர் ஃபார்வர்டு. சிற்றிதழ்களும் போட்டிகளும் பெரும்பாலும் வேறெங்கும் வெளிவராத படைப்பையே கேட்கின்றன. எழுதியவர் பெயர் உதிர்ந்து பத்துக் குழுக்களில் சுற்றிய கதையை எப்படி அனுப்புவது? தேதி சொல்லவும் கோப்பு அனுப்பவும் குழு இருக்கட்டும், கருத்துப் பேச அது வேண்டாம்.

நேரில் வாசிப்பதற்குத் தனி மதிப்பு உண்டு. உரையாடல் செயற்கையாக இருந்தால் வாசிப்பவரின் நாக்கே தடுக்கி நிற்கும். கேட்பவர் முகத்தில் எங்கே சலிப்பு தட்டியது என்பதும் தெரிந்துவிடும். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ‘ரசிகமணி’ டி.கே. சிதம்பரநாத முதலியார் (டி.கே.சி.) வீட்டில், இலக்கிய நண்பர்கள் கூடிய வட்டத்தொட்டியில் கம்பன் பாட்டைச் சொல்லிச் சொல்லி ரசித்தது இந்த மரபில் வந்ததுதான். ஆனால் அங்கே நடந்தது முழுமையான கவிதையை ரசிப்பது. இங்கே நம் முன் இருப்பது அரைவேக்காட்டுப் பிரதி. அதை நிதானமாக வாசிக்கவே இருபது நிமிடம் போகும். குரல் நன்றாக இருந்தால் பலவீனமான பத்தியும் தப்பிவிடும். கேட்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது, ஆகவே பேச்சு முழுக்கக் கடைசிப் பக்கத்தைப் பற்றியே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. முதல் பக்கத்தில் ‘பெரியப்பா வந்தார், செருப்பைக் கழற்றினார்’ என்று போகிறது. நான்காம் பக்கத்தில், சொத்துத் தகராறுக்குப் பிறகு, அதே பெரியப்பா ‘வந்தான்’ ஆகிவிடுகிறார். கதைசொல்லியின் மனம் மாறியதைக் காட்டவா, இல்லை கை தவறியதா? காதால் கேட்கும்போது இது நழுவிவிடும். தாளில் இருந்தால் யாராவது ஒருவர் வட்டம் போட்டு வைத்திருப்பார். தெரிந்தே செய்ததென்றால் கதைக்கே அதுதான் திருப்பம். அதை இன்னும் நன்றாக எப்படி ஊன்றுவது என்று பேசலாம்.

இனி, எல்லா வட்டமும் எதனால் நின்றுபோகிறது என்பதற்கு வருகிறேன். சண்டையால் நிற்பது குறைவு. படிக்க வேண்டிய சுமையால்தான் நிற்கிறது. முதல் மாதம் உற்சாகத்தில் ஐந்து பேரும் ஐந்து கதை கொடுப்பார்கள். மூன்றாம் மாதம் இரண்டு பேர் படிக்காமல் வருவார்கள். நான்காம் மாதம் அவர்கள் வெட்கத்தில் வரவே மாட்டார்கள். அதனால் கணக்கை முதலிலேயே போட்டுக்கொள்ள வேண்டும்: ஆறு பேர், மாதம் ஒரு கூட்டம், கூட்டத்துக்கு இரண்டு பிரதி, பிரதிக்கு 2500 சொல் உச்சவரம்பு. ஒருவர் மாதத்துக்குப் படிக்க வேண்டியது 5000 சொல், இரண்டு மாலை வேலை. ஒவ்வொருவர் முறையும் மூன்று மாதத்துக்கு ஒருதடவை வரும். பத்துப் பேர் சேர்ந்தால் முறை வர ஐந்து மாதம் ஆகும், அதற்குள் ஆர்வம் வடிந்துவிடும். மூன்று பேர் என்றால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே கூட்டம் இல்லை. நாவல் எழுதுபவருக்கும் இதே வரம்புதான். ஓர் அத்தியாயம், அதன் தலையில் ஐந்து வரியில் முன்கதை. இந்த வரம்பில் ஒருமுறை சலுகை கொடுத்தால் அடுத்தமுறை மறுக்க வாய் வராது.

பிரதியைத் தாளில் கொடுப்பதே நல்லது. ஏ4 தாள், 12 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, வலப்பக்கம் நல்ல ஓரம், பக்க எண், வரி எண். வேர்டில் லேஅவுட் பகுதியிலேயே வரி எண் போடும் வசதி இருக்கிறது. ‘மூன்றாம் பக்கம், 14-ஆம் வரி’ என்று சொல்ல முடிந்தால் தேடுகிற நேரம் மிச்சம். ஒரு கதை ஒன்பது பக்கம், மற்ற ஐந்து பேருக்கு 45 பக்கம். ஜெராக்ஸ் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்றாலும் 90 ரூபாய்தான். கோப்பாக அனுப்புவதானால் யூனிகோடில் இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு அடுத்தவர் செல்போனில் புரியாத குறிகளாகத் திறக்கும், ‘திறக்கவே இல்லை’ என்பது படிக்காததற்குக் காரணமாகிவிடும்.

கூட்டத்தில் ஒரு பிரதிக்கு நாற்பது நிமிடம். எழுதியவர் ஒரு பக்கம் மட்டும் உரக்க வாசிக்கட்டும், வாசிப்புக் கூட்டத்தின் பலன் இதிலேயே கிடைத்துவிடும். பிறகு ஆளுக்கு நாலு நிமிடம், வரிசையாக, குறுக்கே பேசாமல். அதுவரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. இது அமெரிக்காவில் 1956-இல் மில்ஃபோர்டில் அறிவியல் புனைகதை எழுதுவோர் தொடங்கிய பட்டறையின் வழக்கம். நம் வட்டங்களுக்கு இது மிகவும் தேவை. ‘நான் சொல்ல வந்தது என்னன்னா’ என்று எழுதியவர் ஆரம்பித்தால் விளக்கத்திலேயே நேரம் முடிந்துவிடும். அந்த விளக்கம் தாளில் இல்லை என்பதுதானே பிரச்சினை. ஆனால் முழு மௌனம் புதிதாக எழுதுபவரை நொறுக்கிவிடலாம். அதனால் பிரதியின் மேலேயே இரண்டு கேள்வி எழுதித் தரச் சொல்லலாம்: ‘அம்மா ஏன் போனாள் என்பது புரிகிறதா?’ ‘இரண்டாம் பகுதி நீளமா?’ பேச்சு அங்கிருந்து தொடங்கினால் அடி மெதுவாக விழும்.

தமிழ் வட்டங்களுக்கே உரிய ஒரு பள்ளம் உண்டு: ஒற்று. ‘இங்கே க் மிகுமா’ என்று ஒருவர் கேட்டால் அரைமணி நேரம் காலி, கதை ஓரமாக நிற்கும். சந்தி, எழுத்துப்பிழை எல்லாவற்றையும் பென்சிலால் தாளில் குறித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். வாயால் பேசுவது கதையைப் பற்றி மட்டும்.

கவிதை எழுதுபவர்கள் மட்டும் சேர்ந்த வட்டத்துக்கு இதையே சொல்லத் தயங்குகிறேன். இருபது வரியை அங்கேயே இரண்டுமுறை வாசித்துப் பேசுவது போதுமானதாக இருக்கலாம். ஊர் ஊராகப் பிரிந்திருப்பவர்கள் இணையவழியில் கூடினால் முன்பே படித்து வருவது இன்னும் அவசியம். ஜூமில் இலவசக் கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும், கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் ஒரு மணி நேரம். ஒரு பிரதிக்கு ஒரு கூட்டம் என்று பிரித்துக்கொள்வதே அங்கே வழி.

நாளை மாற்றாதீர்கள். இரண்டாம் ஞாயிறு மாலை நாலு மணி என்றால் எப்போதும் அதுவே. முறைக்குரியவர் எழுதி முடிக்கவில்லை என்றாலும் கூட்டத்தைத் தள்ளிப்போட வேண்டாம். அவர் எழுதிய இரண்டு பக்கத்தோடு வரட்டும், எங்கே சிக்கி நிற்கிறார் என்று அன்று பேசலாம்.