கசுபிக் கல்லறைகள்: ஒரு மணி நேரத்தில் பார்க்கக்கூடிய இடம் அல்ல

உகாண்டாவின் தலைநகரான கம்பாலாவின் மையப் பகுதியிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் கசுபிக் குன்றின் மேல் அமைந்துள்ள, அந்நாட்டுக்குள் உள்ள பாரம்பரிய அரசான புகாண்டாவின் மன்னர்களது கல்லறை வளாகத்திற்கு, நான் பணம் கட்டியிருந்த சுற்றுலா நிறுவனம் ஒதுக்கியது ஒரு மணி நேரம் மட்டுமே. அது போதாது என்று தோன்றியதால், மறுநாள் போடா போடா எனப்படும் வாடகை மோட்டார் சைக்கிளில் தனியே மீண்டும் சென்றேன்.

புகாண்டா மன்னர் முதலாம் முத்தேசா 1882-இல் அரண்மனையாகக் கட்டிய இவ்விடம், 1884-இல் அவர் மறைந்தபின் அவருடைய கல்லறையாயிற்று. இறந்த கபாகாவின், அதாவது மன்னரின், தாடையெலும்பைப் பிரித்தெடுத்துத் தனிக் கோயிலில் வைத்துப் போற்றுவதே பழைய மரபு. முத்தேசாவோ முழு உடலாகவே அடக்கம் செய்யப்பட்டார். சேஷெல்ஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டு 1903-இல் அங்கேயே இறந்த மகன் முவாங்காவின் உடல் 1910-இல் இங்குக் கொண்டுவரப்பட்டது. பேரன் தாவுதி ச்வாவும் கொள்ளுப்பேரன் இரண்டாம் முத்தேசாவும் பின்னர் இங்கேயே சேர்ந்தனர். ஆகவே நான்கு தலைமுறைகள் ஒரே கூரையின் கீழ் உள்ளன.

அந்த வைக்கோல் கூரையைத்தான் எல்லாரும் படமெடுக்கிறார்கள். என்னைக் கவர்ந்ததோ முற்றத்தைச் சுற்றியுள்ள சிறு வீடுகள். அவை மன்னரின் மனைவியருக்கானவை, அவர்களுடைய இடத்தில் இன்றும் புகாண்டாவின் குலங்களைச் சேர்ந்த பெண்கள் அமர்ந்து கல்லறைகளைப் பராமரிக்கிறார்கள். புகாண்டாவில் மற்றவர்களுக்குத் தந்தையின் குலமே குலம். கபாகாவுக்கு மட்டும் தாயின் குலம். முத்தேசா தம் தாய் முகன்சிர்வாசாவின் வழியாக யானைக் குலத்தவரானார். எந்தக் குலத்துப் பெண்ணும் ஒரு மன்னரைப் பெற்றுத் தரலாம் என்பதால், அரியணை எந்த ஒரு குலத்துக்கும் நிலையான சொத்தாகவில்லை. அரசரின் தாய்க்கு நமசோலே என்ற பட்டமும் தனி அரண்மனையும் உண்டு. இதை விளக்காத வழிகாட்டி கிடைத்தால், தயங்காமல் நீங்களே கேளுங்கள்.

கூரையின் உட்புறத்தில் 52 குலங்களைக் குறிக்கும் 52 வளையங்கள் உண்டு. 2010 மார்ச் 16 அன்று தீயில் எரிந்த மாளிகை மீண்டும் கட்டப்பட்டு, 2023-இல் யுனெஸ்கோவின் ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பெண்கள் நீளப் பாவாடையோ இடுப்பில் சுற்றிக்கொள்ளத் துணியோ கொண்டுபோவது நல்லது. மாளிகைக்குள் நுழையுமுன் காலணியைக் கழற்ற வேண்டும். மரப்பட்டைத் துணித் திரைக்குப் பின்னால் உள்ள கல்லறைகளைப் பார்வையாளர் காண முடியாது. கபாகா இறந்தார் என்று அங்கே சொல்வதில்லை. அவர் காட்டுக்குள் போனார் என்பார்கள், அந்தத் திரைக்கு அப்பாலுள்ள பகுதிதான் காடு.