ஜெர்மனியில் வேலை நேரத்தைக் குறைக்க எந்த வழி?

ஜெர்மனியில் வாரம் 40 மணி நேர வேலையை 30 ஆக்கிக்கொள்ள நினைப்பவர்கள், கீழே இறங்கும் வழியை மட்டும்தான் பார்க்கிறார்கள். திரும்பி ஏறுவதற்கு வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்பேன்.

2001 முதல் இருப்பது சாதாரண டைல்சைட், அதாவது பகுதிநேரம். பதினைந்து பேருக்கு மேல் உள்ள இடத்தில், ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்திருந்தால் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டாம். மூன்று மாதம் முன்னால் ஒரு மின்னஞ்சல் போதும். தொடங்க ஒரு மாதம் இருக்கும்வரை நிர்வாகம் முறைப்படி மறுக்காவிட்டால், கேட்டது கிடைத்துவிடும்.

என் தோழி ஒருத்தி அப்படித்தான் எழுதினாள்: “செப்டம்பர் 1 முதல் 30 மணி நேரம், வெள்ளிக்கிழமை விடுப்பு.” உடனே கிடைத்தது. மகன் பள்ளிக்குப் போன பிறகு பழைய நேரத்தைக் கேட்டால், இடமில்லை என்கிறார்கள். முழுநேர இடம் காலியானால், தகுதி சமமாக இருக்கும்போது அவளுக்கு முன்னுரிமை உண்டு. சரி, காலியானால்தானே? ஜெர்மன்காரர்களே இதை டைல்சைட்ஃபாலே, பகுதிநேரப் பொறி, என்கிறார்கள்.

அதற்கு மருந்தாக 2019 ஜனவரியில் வந்தது ப்ருக்கன்டைல்சைட். ப்ருக்கே என்றால் பாலம். ஓராண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் ஒரு முடிவுத் தேதியையும் சேர்த்தே கேட்க வேண்டும். அன்று பழைய நேரம் தானாகத் திரும்பிவிடும். தோழியின் கம்பெனியில் முந்நூறு பேர். அவளும் இதையே கேட்டிருக்கலாம்.

இதிலும் வில்லங்கம் உண்டு. 45 பேருக்கு மேல் இருந்தால்தான் இந்த உரிமை. 200 பேர் வரை உள்ள கம்பெனிகளுக்கு ஒரு வரம்பும் இருக்கிறது: அறுபது பேர் உள்ள இடத்தில் ஏற்கெனவே நான்கு பேர் பாலத்தில் இருந்தால், ஐந்தாவது ஆளை மறுக்கலாம். அப்புறம், நடுவில் கணவருக்கு வேலை போனாலும் “முழுநேரம் கொடுங்கள்” என்று உரிமையோடு கேட்க முடியாது. அதனால் ஐந்தாண்டு என்று எழுதத் தயங்குவேன், இரண்டு போதும்.

சின்னக் கம்பெனியில் இருப்பவர்களுக்குப் பாலம் இல்லை. கைக்குழந்தை இருந்தால், பதினைந்து பேருக்கு மேல் உள்ள இடங்களில் எல்டர்ன்சைட் எனும் பெற்றோர் விடுப்புக்குள்ளேயே வாரம் 32 மணி நேரம் வரை வேலை செய்யலாம். விடுப்பு முடிந்ததும் பழைய நேரம் வந்துவிடும். குழந்தை இல்லாதவர்கள் முடிவுத் தேதியைப் பேசி, கையெழுத்தோடு ஒப்பந்தத்தில் வாங்கிக்கொள்ளலாம். சம்மதிப்பதும் மறுப்பதும் முதலாளி விருப்பம்.