வைப்பர் ஓடவில்லை என்று வண்டியை சர்வீஸுக்கு விட்டேன், 8,700 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போனது போகட்டும் என்று நானே விட்டுவிடுவேன், அடுத்த ஆள் போய் மாட்டுவார். போனது 8,700 ரூபாய். கார் வைப்பருக்கு!

ஐப்பசி மழை பிடித்த நேரம். தாம்பரத்தில் அலுவலகம் விட்டு வண்டியை எடுத்தால் வைப்பர் அசையவில்லை. மோட்டார் சத்தமும் இல்லை. லீவரை இழுத்தால் கண்ணாடிக்குத் தண்ணீர் மட்டும் ஜோராகப் பீய்ச்சியது. இந்தத் தண்ணீர் விஷயத்தை மனதில் வையுங்கள். பிறகு வருகிறது.

ஆப்பில் புக் செய்தால் வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப்போய்ச் சரிசெய்யும் சேவைகள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்றில் புக் செய்தேன். அவர்கள் ஏதோ ஒரு மல்டி பிராண்ட் கடைக்கு வண்டியை அனுப்புவார்கள். பார்த்துச் சொல்வது இலவசம் என்றார்கள். மதியம் போன் வந்தது, நேரிலேயே போனேன். சூப்பர்வைசர் ஏசி அறையில் உட்காரவைத்து டீ வரவழைத்தார். "வண்டியை நல்லா வச்சிருக்கீங்க சார், இந்த வயசு வண்டி இவ்வளவு நீட்டா வர்றதே இல்ல" என்றார். அப்புறம் கரித்துணியில் சுற்றிய ஒரு மோட்டாரை எடுத்துவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். "மோந்து பாருங்க சார். காயில் கருகிடுச்சு." உண்மையிலேயே கருகல் வாசனை அடித்தது. யாருடைய வண்டி மோட்டாரோ! கண்ணெதிரே சாமானை வைத்து, முகர்ந்தும் பார்க்கச் சொல்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? ஒரிஜினல் மோட்டார், ஆறு மாத வாரண்டி என்றார். மோட்டார் 5,400, கூலி 800. அங்கேயே ஜிபே செய்தேன். வைப்பரும் ஓடியது.

அடுத்த பெருமழையில் வண்டலூர் தாண்டும்போது வைப்பர் நின்றது. முன்னால் போன லாரி வாரியிறைத்த சேறு கண்ணாடி முழுக்க. எதிரே ஒன்றும் தெரியாமல், ஹசார்ட் லைட்டைப் போட்டு ஓரங்கட்டினேன். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே உரசுவதுபோல் கடந்து போனது. பணம் போனதைவிட அந்த நிமிடம்தான் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

திரும்பப் போனால், "மோட்டார் புதுசு சார், அதுல பிரச்சினை வர சான்ஸே இல்ல. காம்பினேஷன் ஸ்விட்ச்தான்." அதாவது ஸ்டியரிங் பக்கத்தில் வைப்பரைப் போடும் லீவர் ஸ்விட்ச். ஸ்விட்ச் 2,100, கூலி 400. ஆக மொத்தம் 8,700. அதுவும் அடுத்த மழை வரைதான் தாங்கியது.

அதன் பிறகு ஆரம்பித்தது விளையாட்டு. கடையில் கேட்டால் "எலக்ட்ரிக்கல் சாமானுக்கு வாரண்டி கிடையாது சார், ஆப்ல கேளுங்க." ஆப்பில் கேட்டால் "நாங்கள் உங்களைக் கடையோடு இணைப்பவர்கள் மட்டுமே." சூப்பர்வைசர் எப்போது கூப்பிட்டாலும் சாப்பிடப் போயிருக்கிறார். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. பழைய மோட்டாரையாவது கொடுங்கள் என்றால் ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம். உச்சகட்டமாக ஆப்பிலிருந்து ஒரு செய்தி: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்?

கடைசியில் பெருங்களத்தூரில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன். ஒரு தகரக் கொட்டகைதான் கடை. அவர் கேட்ட முதல் கேள்வியே, "தண்ணி அடிக்குதா தம்பி?" அடிக்குதுண்ணே என்றேன். "அப்ப ஃபியூஸ் நல்லா இருக்கு. உன் வண்டில ரெண்டுக்கும் ஒரே ஃபியூஸ்தான்." கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். உள்ளே மக்கிய வேப்பிலை, தண்ணீர் வடியும் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. மோட்டார் கனெக்டரைப் பிடுங்கி, கரண்ட் வருகிறதா என்று எரிந்து காட்டும் டெஸ்ட் லாம்பின் கிளிப்பை பேட்டரி மைனஸில் மாட்டி, என்னை வைப்பரைப் போடச் சொன்னார். கனெக்டரில் முனையை வைத்ததும் லாம்ப் எரிந்தது. ஸ்விட்ச் வழியாகக் கரண்ட் ஒழுங்காக வருகிறது! பிறகு கிளிப்பை பிளஸ்ஸுக்கு மாற்றி, எர்த் ஒயரில், அதாவது கரண்ட் வண்டி பாடி வழியாகத் திரும்பும் ஒயரில், முனையை வைத்தார். எரியவில்லை. கோளாறு எர்த்தில்தான்! அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் பாடியில் ஒரு போல்ட், அதன் அடியில், தேங்கிய மழைத்தண்ணீரில் பச்சைக் களிம்பு பூத்த ஒரு வளையம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், முறுக்கினார், மேலே கிரீஸ் தடவினார். அவ்வளவுதான். 200 ரூபாய்.

இடையில் எப்படி ஓடியது என்று கேட்டேன். கழற்றி மாட்டும்போது அந்த வளையம் கொஞ்சம் அசைந்து கரண்ட் பிடித்திருக்கும் என்றார். "ஆனா தம்பி, இது புது மோட்டாரா?" என்று டார்ச் அடித்துக் காட்டினார். மோட்டார் மேல் மஞ்சள் பெயின்டில் ஏதோ எண் கிறுக்கியிருந்தது, பிரித்த வண்டியிலிருந்து கழற்றிய சாமானில் எழுதுவதுபோல. 5,400 ரூபாய்க்கு ஒரிஜினல்!

வைப்பர் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிற எரிச்சலில் இவ்வளவுதான் வருகிறது. மோட்டார் சத்தம் கேட்டு, வைப்பர் கை மட்டும் அசையாவிட்டால் கையின் நட்டு லூஸ் அல்லது மோட்டாரையும் கையையும் இணைக்கும் லிங்கேஜ் கம்பி கழன்றிருக்கும், அதற்கு மோட்டார் மாற்றத் தேவையில்லை. சத்தமே இல்லாவிட்டால் முதலில் ஃபியூஸ், ரிலே (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் குட்டி ஸ்விட்ச்), எர்த் மூன்றையும் பாருங்கள். ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர்தான் போட வேண்டும், பெரிதாகப் போட்டால் ஒயர் எரியும். மோட்டார் போச்சு என்று யார் சொன்னாலும், உங்கள் கண்முன்னே பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஓடினால் மோட்டார் போகவில்லை. பழைய சாமானை டிக்கியில் வாங்கிப் போட்டுக்கொண்டு பிறகு பணத்தைக் கொடுங்கள்.

என்னிடம் இருக்கும் பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்துவிட்டேன். 8,700 ரூபாய், ஒரு ரூபாய்கூட விடப்போவதில்லை.